புகை நின்ற இடம்

மீர்சாகிப்பேட்டை,
சென்னை.
ஜூலை 14, மதியம்.

ஜமீலாவுக்கு ஷரீஃப் எழுதுவது. ஸலாம். உனக்கும் நம் நாஸியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல உடம்பையும் நிம்மதியையும் கொடுக்கட்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. இங்கே எதுவும் நடக்கவில்லை. போனில், சாப்பிட்டீங்களா என்று நீ கேட்கிறாய், ஆச்சு என்கிறேன். மாத்திரை போட்டாயா என்று நான் கேட்கிறேன், போட்டேன் என்கிறாய். அதற்கப்புறம் இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம். புனேயில் மழை பெய்கிற சத்தம் கேட்கிறது. பிறகு நாஸியா போனை வாங்கிக்கொள்கிறாள். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம், தூரத்திலிருந்து பேச நமக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் நாஸியாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

கறிவேப்பிலைச் செடி பிழைத்துவிட்டது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோடு அப்படியேதான் கிடக்கிறது. நமக்கு விறகு போடுகிற விறகுத் தொட்டி கனகராஜ் தினமும் உன்னை விசாரிக்கிறார்.

பிரியாணிக் கடையை மறுபடி திறந்ததைப் போனில் சொன்னேன். யார் சமைக்கிறார்கள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்தான் சமைக்கிறேன். பத்தொன்பது நாளாகிறது. முத்தம்மா வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்று அளவு சொல்கிறாள். அரிசி எப்போது வடிக்க வேண்டும், மூடி மேல் எவ்வளவு கங்கு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் கல்லாவில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் அந்தச் சோற்றை விற்றவன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதல் நாள் சவுக்கு விறகு பற்றிக்கொள்ளும்போது கண்ணில் கொட்டிய தண்ணீரில் தேக்சாப் பாத்திரம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து கண் பழகிவிட்டது. ஆனால் அந்த அடுப்பறைக்குள் நேரம் எப்படிப் போகிறதென்று தெரிவதில்லை, ஜமீலா. கூரை இடுக்கு வழியாக ஒரு விரல் அகலத்துக்கு வெயில் இறங்குகிறது. புகை அதில் போய் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்தபடி நின்றால் நிற்கிறோமா தூங்குகிறோமா என்று சந்தேகமாகிவிடுகிறது. இரண்டு முறை, அடுப்புக்கு அந்தப் பக்கம் நீ முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்தேன். உப்புப் போட்டாச்சா என்றுகூடக் கேட்டேன். புகை விலகினதும் யாருமில்லை.

அங்கே ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு சுவரும் கரி பூசினது மாதிரிக் கறுத்துப்போயிருக்கின்றன. அடுப்புக்கு இடது பக்கச் சுவரில் ஒரே ஒரு இடம் மட்டும், ஒரு ஆள் முதுகு அகலத்துக்கு, வெளுப்பாக இருக்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக் கையை வைத்துப் பார்த்தேன், வழவழவென்றிருந்தது. வாசற்படியிலிருந்து முத்தம்மா சொன்னாள்: "அக்கா அங்கதான் சாஞ்சிகினு நிக்கும் பாய். முதுகு பட்டுப்பட்டு அங்க மட்டும் வெள்ளையா கீது. ஆறு மாசமாவே அக்காவால நிக்க முடியல. உன்னாண்ட சொல்லாதன்னுச்சி."

ஆறு மாதமாக. மொட்டை மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நீ நிற்பதை நான் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன். கடற்காற்று வருகிறது, கொஞ்சம் நின்று வாங்கிக்கொள்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு நெஞ்சடைப்பு வந்த அந்த வெள்ளிக்கிழமை, தாடை வலிக்கிறது, தோள் பாரமாக இருக்கிறது என்று நீ சொன்னபோது பல் வலி என்று கிராம்புத் தைலம் எடுத்துக் கொடுத்தேன். நீ தம் போட்டு மூடி வைத்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாய். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. ஆட்டோ கூப்பிடுவதற்கு முன் இரண்டு பார்சல் கட்டிக் கொடுத்தேன். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷண்முகப்ரியா, நம் நாஸியா வயசுதான் இருக்கும், அம்மா சிகரெட் பிடிப்பாங்களா என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வெற்றிலைகூடப் போடாதவள் என்றேன். அப்புறம் என்ன வேலை, எந்த அடுப்பு, எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிந்தாதிரிப்பேட்டையில் உன் அம்மா வீட்டில் இருந்த மரத்தூள் அடுப்பு வரைக்கும் கேட்டார். வயசு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும், ஆனால் அடுப்புப் புகையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள் என்றார். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "புகை நுரையீரலோட நின்னுடாது பாய். அதுல மாவைவிட நுணுக்கமான தூசு இருக்கு. ரத்தத்துல இறங்கி ரத்தக் குழாயைக் கெடுக்கும். அம்மா சிகரெட் பிடிக்கல. புகை பிடிச்சாங்க."

நேற்று புகை அதிகமாகிவிட்டது. மூச்சு திணறி, இந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்ததே என்று சுவரைத் தடவிக்கொண்டே போனேன். தகரம் கையில் பட்டது. தகரத்தின் நாலு மூலையிலும் ஆணி. நான் அடித்த ஆணி.

அடுத்த வீட்டு மாடியில் சுப்புலக்ஷ்மி டீச்சர், மகள் மதுமதிக்கு மூச்சு இளைப்பு, உங்கள் புகை எங்கள் படுக்கையறைக்கு வருகிறது என்று வந்து சொன்னார்கள் இல்லையா. நியாயமான பேச்சு. அன்றைக்கு மாலையே தகரம் வாங்கி வந்து அடித்தேன். சந்துப் பக்கக் கதவையும் சாத்தியே வைக்கச் சொன்னேன். புகை வெளியே யாருக்கும் தொந்தரவாகப் போகக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன்.

வெயில் நகர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவ முத்தம்மா வந்துவிட்டாள். இதற்கு மேல் எழுத முடியவில்லை. காலை மாத்திரைக்கு முன்னால் வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. உன் நெஞ்சுக்கு அல்லாஹ் காவலாக இருக்கட்டும்.

ஷரீஃப்.


மீர்சாகிப்பேட்டை,
ஆகஸ்ட் 20.

ஜமீலாவுக்கு ஸலாம். என் முதல் கடிதம் வந்து சேர்ந்ததா என்று போனில் நான் கேட்கவில்லை. நீ சொல்லவுமில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து போனை நாஸியாவிடம் கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காதில் வைத்திருக்கிறாய். அதை வைத்து வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊற்றிவிட்டேன். முத்தம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அறை முழுக்க வெள்ளையாக ஆவி எழுந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நின்றோம். கடைக்கு லீவு என்று சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, "விறகு அடுப்பு பிரியாணி" என்ற பலகையைக் கழற்றினேன். அடையாறில் ஒரு கடையில் அந்தப் பலகையையும் அதன் கீழே நிற்கிற வரிசையையும் பார்த்துவிட்டு நான் ஓடி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அதுவரை நீ கேஸில்தான் சமைத்தாய். கேஸ்ல செஞ்சா யார் வேணாம்னாங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். பெயிண்டருக்குச் சொல்லப் போய்விட்டேன்.

அன்று பத்து மணிக்கு விறகு இறக்க கனகராஜ் வந்தார். இனிமேல் வேண்டாம் என்றேன். வருத்தப்படுவார் என்று பயந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார். அப்புறம் உள்ளே வந்து, ஜன்னல் தகரத்தின் ஆணியைப் பிடுங்க என்னிடம் சரியான கருவி இல்லாததைப் பார்த்துவிட்டு, தன் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து அவரே நெம்பினார். தகரம் விழுந்தது. வெயில் மொத்தமாக உள்ளே சாய்ந்தது. அந்த அறை அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது, ஜமீலா. மூலையில் உன் பழைய கண்ணாடி வளையல் ஒன்று, பாதி உடைந்தது, கரியோடு கரியாகக் கிடந்தது. எடுத்துக் கழுவினேன். பச்சை நிறம்.

சத்தம் கேட்டு சுப்புலக்ஷ்மி டீச்சர் இறங்கி வந்தார்கள். உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் ஜன்னல் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "புகை நின்னுடுத்துன்னு நெனச்சுண்டு நிம்மதியாத் தூங்கினேன். உங்காத்துக்குள்ளேயே நின்னுண்டிருக்குன்னு எனக்குத் தோணவேயில்லை பாய்" என்றார்கள். அன்று மாலை மதுமதியிடம் உனக்காகப் பழம் கொடுத்தனுப்பினார்கள். நீ இங்கே இல்லை என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இளைப்பு அதிகம் இல்லையாம்.

கொத்தனாரை வைத்துச் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்தாகிவிட்டது. புகைபோக்கியும் காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனும் மாட்டியாகிவிட்டது. அடுப்பு இப்போது கேஸ். சந்துப் பக்கக் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, உன் முதுகு பட்ட இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். வெள்ளை மேல வெள்ளையடிச்சா இன்னா பாய் ஆகப்போவுது என்று சிரித்தான். எனக்கும் வெட்கமாகிவிட்டது, சரி அடி என்றேன். அடித்து முடித்த பிறகு எந்த இடம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம் வரை அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் சுவரில் மஞ்சளாக ஆகி, ரோஜா நிறமாக ஆகி, பிறகு போய்விட்டது.

வியாபாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழைய ஆட்களில் பாதிப் பேர் வருகிறார்கள். வாசனை இல்லையே பாய் என்கிறார்கள். இல்லைதான். கோபாலபுரம் ஆபீஸ்காரர்கள் சிலர், எண்ணெய் குறைந்திருக்கிறது, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எண்ணெயை நான் குறைக்கவே இல்லை.

போன வாரம் தி.நகர் ஜவுளிக்கடை மேனேஜர் சுரேஷ்குமார் வந்திருந்தார். கடை ஆட்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியச் சாப்பாடு, தீபாவளி வரைக்கும் நமக்கே தருவதாகச் சொன்னார். ஆனால் விறகு அடுப்பில்தான் செய்ய வேண்டுமாம். நம்மால் முடியாது சார், வீட்டில் இப்படி ஆகிவிட்டது என்று விஷயத்தைச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷன்தான். உங்க வீட்டம்மாவா நிக்கணும், ஒரு ஆளைப் போட்டுக்கோங்க பாய் என்றார். முத்தம்மா அப்போது வாசற்படியில் உட்கார்ந்து இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை, கை மட்டும் நின்றுவிட்டது. அவளைத்தான் போட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் சொன்னால் மறுக்கவும் மாட்டாள். "உள்ள யார் நிக்கிறாங்கன்னு இத்தனை நாளா நானே கேக்கல சார். இனிமே யாரையும் நிக்க வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். முத்தம்மா இஞ்சியைச் சீவத் தொடங்கினாள்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இரண்டு கடிதமும்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் கேட்ட பிறகு கடைசியாக டாக்டர், அந்த ரூமில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது மேடம் என்றேன். நீ முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாய். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். உன் நெஞ்சில் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், வீட்டுக்கு வந்தாய், நாஸியா வந்து அழைத்துப் போனாள். அந்தப் பார்வையைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் கிளம்புகிறவரை நானும் பேசவில்லை.

அம்மாவை இனி அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நாஸியா சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் தப்பில்லை. வா என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு என்ன முகம் இருக்கிறது? இங்கே ஜன்னல் வைத்திருக்கிறது, அதை மட்டும் தெரிவிக்கிறேன். பகலெல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. அல்லாஹ் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், எங்கே இருந்தாலும்.

ஷரீஃப்.


புனே,
செப்டம்பர் 3.

நாஸியாவின் அத்தாவுக்கு ஜமீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

இரண்டு கடிதமும் வந்தன. நானேதான் படித்தேன். முதல் கடிதம் படிக்க நாலு நாள் ஆனது. கையெழுத்து அவ்வளவு மோசம் இல்லை, நான்தான் நடுநடுவே மூடி வைத்தேன்.

இங்கே நாஸியா வீட்டு பால்கனியிலிருந்து ஒரு மலை தெரிகிறது. வந்த புதிதில் ஒரு காலை, மலையிலிருந்து வெள்ளையாக ஏதோ இறங்கி வந்து தெருவையெல்லாம் மூடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, மேகம்தான் அத்தை, மூச்சு விடுங்கள் என்றார். விட்டேன். குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி உள்ளே போயிற்று. எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கே போய் நிற்கிறேன். சில நாள் நின்றபடியே கண் சொக்கிவிடும். மேகத்துக்குள் ஆட்டோ சத்தமும் மீன்காரி குரலும் கேட்கும். கண்ணைத் திறந்தால் நம் தெரு இருக்காது.

ஆஸ்பத்திரியில் நான் கண்ணை மூடியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வலியில் மூடினேன் என்று எழுதிவிடலாம் என்று பார்த்தேன். பொய் வேண்டாம். கோபத்தில்தான் மூடினேன். சாகப் போகிற நேரத்திலும் இவர் ஊரார் முன்னால் நல்லவராக இருக்கப் பார்க்கிறாரே என்று இருந்தது. அந்தக் கோபம் ரயிலிலும் என்னோடு வந்தது. இங்கேயும் ரொம்ப நாள் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகரத்தை நீங்கள் அடித்தபோது, ஒவ்வொரு ஆணியாக எடுத்து உங்கள் கையில் கொடுத்தது நான். மதுமதி இருமுவது எனக்கு உங்களுக்கு முன்பே கேட்கும். குழந்தைக்கு நல்லது என்று நினைத்தேன். எனக்கு என்று தனியாக ஒரு மூச்சு இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை. டாக்டர் சொல்கிற வரை இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகும் ஜன்னல் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு அது போதும்.

நான் சென்னைக்குத் திரும்பி வருகிறேன் என்றதும் நாஸியா அழுதாள், சண்டை போட்டாள். நான் சமைக்கப் போகவில்லை என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டாள். நிஜமாகவே சமைக்க மாட்டேன். நீங்கள் நன்றாகச் செய்கிறீர்களாம், முத்தம்மா சொன்னாள். நீங்களே செய்யுங்கள். நான் கல்லாவில் உட்காருகிறேன். ஒன்பது வருஷமாக நம் சோற்றைத் தின்றவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும். அந்த ஜவுளிக்கடை ஆர்டர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

முத்தம்மாவோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன், உங்களுக்குத் தெரியாது. போன புதன்கிழமை மூட்டை தூக்கியபோது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். அதை நீங்கள் போனில் சொல்லவில்லை. நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே ஷண்முகப்ரியா டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டுங்கள். அந்த அறையில் எத்தனை நாள் நின்றீர்கள் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். அவர் கொடுக்கிற மாத்திரைச் சீட்டை நான் வந்ததும் பார்ப்பேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ரயில் சென்ட்ரலுக்கு வந்துவிடும். மாப்பிள்ளை கூட வருகிறார், சாமான்களை அவர் பார்த்துக்கொள்வார். எந்த கோச் என்று தேடிக்கொண்டு கூட்டத்தில் ஓடாதீர்கள். நான் இறங்கி அதே இடத்தில் நிற்பேன், எங்கும் போக மாட்டேன். நீங்கள் மெதுவாக நடந்து வாருங்கள்.

ஜமீலா.